மன்னிக்க இவர்கள் யார்?

2025 ஜூன் 12. நைஜீரியாவின் 'சனநாயக நாள்'. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருக்க, குடியரசுத் தலைவர் போலா தினுபு நீண்ட உரை ஒன்றை வாசித்தார். விருதுப் பட்டியல் ஒன்றும் படிக்கப்பட்டது. அதற்கு நடுவில் ஓர் அறிவிப்பு: 1995இல் தூக்கிலிடப்பட்ட எழுத்தாளர் கென் சாரோ-விவாவுக்கும் அவரோடு தொங்கவிடப்பட்ட எட்டுப் பேருக்கும் அரசு மன்னிப்பு வழங்குகிறது. கூடவே ஒன்பது பேருக்கும் தேசிய விருது.

செத்து முப்பது வருசம் ஆகப்போகிற நேரத்தில் மன்னிப்பு. விருது அதுக்கு மேல.

நான் கேட்பது ரொம்பச் சாதாரணமான கேள்வி. அவங்க குற்றவாளின்னா விருது எதுக்கு? விருதுக்கு உரியவங்கன்னா மன்னிப்பு எதுக்கு? சட்டம் படிக்கிற நம் மாணவத் தோழர்களுக்குத் தெரியும்: மன்னிப்பு என்பது தண்டனையைத்தான் தொடும், தீர்ப்பைத் தொடாது. 'நீ செஞ்சதுதான், ஆனா போனாப் போவுது, விட்டுட்டோம்' என்பதுதான் அதன் பொருள். கொன்றவன் செத்தவனைப் பார்த்து இப்படிச் சொல்வதை நல்லிணக்கம் என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. ஓகோனி மக்கள் பல வருசமாகக் கேட்டது மன்னிப்பை அல்ல. அந்தத் தீர்ப்பு பொய், அந்த நீதிமன்றம் நீதிமன்றமே அல்ல, ஒன்பது பேரும் குற்றமற்றவர்கள் என்று அரசு வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆம்னஸ்டி அமைப்பும் இந்த மன்னிப்பு போதாது என்றே சொன்னது.

இன்னொரு வேடிக்கை. ஜூன் 12 என்பது 1993ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். ராணுவம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. அதன் நினைவாகத்தான் இப்போது சனநாயக நாள். அதே தேர்தலை, இதில் நமக்கு ஒன்றும் இல்லை என்று புறக்கணித்தது கென் சாரோ-விவாவின் ஓகோனி மக்கள் உயிர்வாழ்வு இயக்கம். அந்த நாளிலேயே பார்த்து அவருக்கு மன்னிப்பு! தெரிந்து செய்தார்களா தெரியாமல் செய்தார்களா என்பது கிடக்கட்டும்.

ஓகோனி என்பது நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், ரிவர்ஸ் மாநிலத்தில் ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு சின்ன நிலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சுமார் 5 லட்சம் பேர். வள்ளிக் கிழங்கும் மரவள்ளியும் போடுவார்கள், கழிகளில் மீன் பிடிப்பார்கள், அலையாத்திக் காட்டின் வேர்களில் நத்தை பொறுக்குவார்கள். யொரூபா, இக்போ, ஹவுசா-ஃபுலானி என்று மூன்று பெரிய இனங்கள் பங்கு போட்டுக் கொள்ளும் நாட்டில் இவர்கள் கணக்கிலேயே வராத ஒரு சின்ன இனம். 1956இல் ஓலோய்பிரியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1958இல் ஓகோனியிலும் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. ஏறக்குறைய நூறு கிணறுகள். வீட்டுக் கொல்லைப்புறத்தில் குழாய். ராவும் பகலும் எரிந்து கொண்டே இருக்கும் எரிவாயுக் கொழுந்து. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருட்டு என்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள். வெளிச்சம் இருந்ததே தவிர கரண்டு இல்லை.

இது எப்படி முடிந்தது? துப்பாக்கியால் மட்டும் முடியவில்லை தோழர்களே, சட்டப் புத்தகத்தால் முடிந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடுதலையின் போது எண்ணெய், கனிம வருமானத்தில் பாதி, அது கிடைக்கும் பகுதிக்கே போக வேண்டும் என்று இருந்தது. அப்போது பெரிய இனங்களின் நிலத்தில் கோகோவும் நிலக்கடலையும் விளைந்து கொண்டிருந்தன. பிறகு எண்ணெய் பெரும் பணமாக மாறியது. எண்ணெய் இருந்ததோ சின்ன இனங்களின் காலடியில். உடனே விதி மாறியது. 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா போர். போர் நடக்கும்போதே 1969இல் ஒரு பெட்ரோலியச் சட்டம்: நிலத்துக்கு அடியில் இருக்கிற எண்ணெய் முழுவதும் நடுவண் அரசுக்கே. 1978இல் நிலப் பயன்பாட்டுச் சட்டம்: நிலமே மாநில ஆளுநரின் பொறுப்பில். அப்புறம் விவசாயிக்கு மிச்சம் என்ன? பயிருக்கு நட்ட ஈடு. அவ்வளவுதான். பாதியாக இருந்த பங்கு படிப்படியாக இறங்கி, எண்பதுகளில் ஒன்றரை சதவீதத்தில் வந்து நின்றது. 1999 அரசியல் சட்டத்தில்தான் குறைந்தது 13 சதவீதம் என்று ஏறியது. அதுவும் மாநில அரசின் கைக்குப் போகும். ஊருக்கு வந்து சேருவது வேறு கதை. வெள்ளைக்காரன் போன பிறகு வந்த காலனியாதிக்கம் என்று இதைத்தான் கென் சாரோ-விவா சொன்னார்.

யார் இந்த ஆள்? கலகக்காரனாகப் பிறந்தவர் அல்ல. 1941இல் பிறந்தவர். கல்லூரியில் படித்து, பியாஃப்ரா போரில் நடுவண் அரசின் பக்கம் நின்று, போனி தீவின் நிர்வாகியாக இருந்து, பிறகு வியாபாரம் செய்து கொஞ்சம் காசு பார்த்தவர். 'பாஸி அண்ட் கம்பெனி' என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரை எழுதித் தயாரித்து நாடு முழுக்கப் பேர் வாங்கினார். 1985இல் வந்த 'சோசாபாய்' நாவலை, 'அழுகிப்போன ஆங்கிலம்' என்று தானே பேர் வைத்த மொழியில் எழுதினார். போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பாமரப் பையன் பேசும் மொழி அது. பண்டிதர்களின் ஆங்கிலத்தால் சொல்ல முடியாததை அந்தக் கொச்சை சொன்னது. கொச்சை மொழி இலக்கியமாகுமா என்று இங்கே இன்னமும் விவாதித்துக் கொண்டிருக்கிறவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

1990இல் போரி ஊரில் ஓகோனித் தலைவர்கள் கூடி ஓகோனி உரிமைச் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். கேட்டது பிரிவினை அல்ல. நைஜீரியாவுக்குள்ளேயே தங்கள் காரியத்தைத் தாங்கள் பார்த்துக் கொள்ளும் உரிமை, தங்கள் நிலத்தின் வருமானத்தில் நியாயமான பங்கு, தங்கள் மொழி, கெடாத மண். அரசிடமிருந்து பதில் இல்லை. ஆனால் அதே வருசக் கடைசியில் பக்கத்து ஊரான ஊமுவெச்செமில் பதில் கிடைத்தது. அது ஓகோனி ஊர் அல்ல, ஆனால் எண்ணெய் ஊர். ஷெல் கம்பெனிக்கு எதிராக இளைஞர்கள் கூடினார்கள். கம்பெனி போலீஸ் பாதுகாப்புக் கேட்டது. வந்தது கொடுமைக்குப் பேர்போன நடமாடும் போலீஸ் படை. சுமார் 80 பேர் செத்தார்கள், 495 வீடுகள் அழிந்தன. நீதி விசாரணை நடத்திய குழுவே போலீஸ் செய்தது தப்பு என்றது. யாருக்கும் தண்டனை இல்லை.

இதைப் பார்த்த பிறகும் ஓகோனி மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். 1993 சனவரி 4 அன்று சுமார் 3 லட்சம் பேர் பச்சைக் கொப்புகளைக் கையில் பிடித்துக் கொண்டு நடந்தார்கள். மொத்த சனத்தொகையில் பாதிக்கு மேல்! அந்த வருசமே ஷெல் ஓகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவிட்டு வெளியேறியது. ஒரு சின்ன இனம் ஒரு பன்னாட்டுக் கம்பெனியை வெறுங்கையோடு வெளியேற்றியது. உலகத்தில் இப்படி எத்தனை நடந்திருக்கு?

இதை எப்படி மன்னிப்பார்கள்? அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் பியாரா என்ற ஊரில், குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக் கம்பெனியின் புல்டோசர் விளைந்து நின்ற கொல்லைகளுக்குள் இறங்கியது. கூடவே ராணுவம். தடுக்கப் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. குண்டு பட்ட ஒரு விவசாயப் பெண்ணின் கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு 'இனக் கலவரங்கள்' வந்தன. பக்கத்து இனமான ஆண்டோனிகள் தாக்குகிறார்கள் என்று வானொலி சொன்னது. மீன்பிடி ஓடம் ஓட்டுகிறவனுக்கு மார்ட்டர் குண்டு எங்கிருந்து கிடைச்சுது என்று மட்டும் வானொலி சொல்லவில்லை. அந்தத் தாக்குதல்களில் படையினரின் கை இருந்ததை மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 1995இல் பதிவு செய்தது. கூலிக்கு ஆள் பிடித்து அடிக்கச் சொல்லிவிட்டு, ரெண்டு கும்பலுக்குள்ள தகராறு என்று எழுதுவது எந்த ஊர் அரசுக்கும் புதிதல்ல.

இனி சொல்வதுதான் எனக்குக் கடினமான பகுதி. இயக்கப் பத்திரிகைகள் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்து விடுகின்றன. 1994 மே 21 அன்று கோகானா பகுதியின் ஜியோகூவில் ஒரு கூட்டத்தில் இருந்த நான்கு ஓகோனித் தலைவர்களை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. எட்வர்ட் கோபானி, ஆல்பர்ட் பேடி, சாமுவேல் ஒராஜ், தியோஃபிலஸ் ஒராஜ். இவர்களில் கோபானி இயக்கத்தின் துணைத் தலைவராகவே இருந்தவர். 1993 தேர்தலைப் புறக்கணிப்பதா என்ற சண்டையில் விலகியவர். ஒராஜ்கள் சாரோ-விவாவின் சொந்தக்காரர்கள். அரசோடு பேசலாம் என்று சொன்னவர்களை அந்த நாட்களில் 'பிணந்தின்னிக் கழுகுகள்' என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். சாரோ-விவாவை அன்றைக்கு ராணுவம் அந்தப் பகுதிக்குள்ளேயே விடவில்லை. கொலைக்கும் அவருக்கும் தொடர்பு இருந்ததாக ஒரு யோக்கியமான சாட்சியும் இன்றுவரை இல்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் நாலு பேர் செத்ததும் உண்மை. அவர்களை நம் ஆட்கள் இல்லை என்று ஒதுக்கிவிட்டு ஒன்பது பேரின் படத்தை மட்டும் மாட்டிக் கொள்ள என்னால் முடியவில்லை. சொந்த சனத்தில் ஒருத்தனைக் கழுகு என்று பேர் வைத்துவிட்டால், அடுத்து கல்லெடுக்க நாலு பேர் வருவான். ராணுவம் காத்துக் கொண்டிருந்ததும் அதற்குத்தான்.

மறுநாளே சாரோ-விவாவைப் பிடித்தார்கள். விசாரணைக்கு முன்பே மாநிலத்தின் ராணுவ நிர்வாகி பத்திரிகையாளர்களைக் கூட்டி இயக்கம்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொலைகாரர்களைத் தேடுகிறோம் என்ற பேரில் படை குறைந்தது 60 ஊர்களுக்குள் புகுந்தது. அடி, சூறை, பாலியல் வன்கொடுமை. அந்த மாதமே படைத்தலைவன் பால் ஒகுன்டிமோ பேரில் ஒரு குறிப்பு எழுதப்பட்டு, பின்னால் வெளியே வந்தது. ஈவிரக்கமில்லாத ராணுவ நடவடிக்கை இல்லாமல் ஷெல்லின் வேலை நடக்காது என்பது அதன் சாரம். ஷெல் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அன்றிலிருந்து மறுத்து வருகிறது.

விசாரித்தது சிறப்புத் தீர்ப்பாயம். இரண்டு நீதிபதிகள், ஒரு ராணுவ அதிகாரி. மேல்முறையீடு கிடையாது. பொய்ச் சாட்சி சொல்லக் காசும் ஷெல்லில் வேலையும் தருவதாகச் சொன்னார்கள் என்று அரசுத் தரப்புச் சாட்சிகள் இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். தீர்ப்பாயம் அதைத் தூக்கிப் போட்டது. ஷெல் அதையும் மறுத்தது. இது நாடகம் என்று சொல்லி கனி ஃபாவெஹின்மி தலைமையிலான வழக்கறிஞர்கள் வெளியேறினார்கள். 1995 நவம்பர் 10, போர்ட் ஹார்கோர்ட் சிறை. கென் சாரோ-விவா, பாரினெம் கியோபெல், சாட்டர்டே டோபீ, நோர்டு ஈயாவோ, டேனியல் பொக்கூ, பால் லெவுரா, ஃபெலிக்ஸ் நுவாட்டே, பாரிபோர் பேரா, ஜான் கபுயினென். பேரை முழுசா எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரும் 'சாரோ-விவாவும் எட்டுப் பேரும்' என்றே எழுதுகிறார்கள். எழுத்தாளனுக்குப் பேர், மற்றவனுக்கு எண்ணிக்கை. நானே மேலே அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன், பாருங்கள். இதில் கியோபெல் அந்த மாநில அரசிலேயே அமைச்சர் நிலையில் இருந்தவர்.

காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் அப்போது ஆக்லாந்தில் கூடியிருந்தார்கள். நைஜீரியாவை இடைநீக்கம் செய்தார்கள். எண்ணெய் வாங்குவதை மட்டும் யாரும் இடைநீக்கம் செய்யவில்லை. தூக்குக்கு ஐந்தாம் நாள், நவம்பர் 15 அன்று, போனியில் பல நூறு கோடி டாலர் எரிவாயுத் திட்டம் மேற்கொண்டு நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. பங்குதாரர்களில் நைஜீரிய அரசும் உண்டு, ஷெல்லும் உண்டு.

வழக்குகளை விலாவாரியாகச் சொல்ல இங்கே இடமில்லை. 2009இல் நியூயார்க் வழக்கில் விசாரணை தொடங்கும் தறுவாயில் ஷெல் 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக் கொண்டது. குற்றத்தை ஒப்புக் கொள்ளவில்லை, மனிதாபிமானமாம். எஸ்தர் கியோபெல் என்ற விதவை விடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல், வேறு நாட்டில் நடந்ததற்கு இங்கே வழக்கு செல்லாது என்றது. 2022இல் ஹேக் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்றது. சாட்சிகளை வாங்கியவன் யார், ஆவணங்களைப் பூட்டி வைத்திருப்பவன் யார் என்று தெரிந்தும், ஆதாரம் கொண்டு வா என்று விதவையிடம் கேட்பதற்குப் பேர்தான் சட்டத்தின் ஆட்சி.

மண் என்ன ஆயிற்று? ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் ஆய்வு. நிசிசியோகென் ஓகலே என்ற ஊரில் மக்கள் குடிக்கும் கிணற்றில் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைப் போல் 900 மடங்கு. புற்றுநோய் தரும் ரசாயனம் அது. நிலத்தடி நீர் மேல் 8 சென்டிமீட்டர் கனத்தில் எண்ணெய் மிதந்தது. ஷெல் சுத்தப்படுத்தியதாகச் சொன்ன 15 இடங்களைச் சோதித்ததில் 10 இடம் சுத்தமே ஆகவில்லை. முழுக்கச் சரியாக 25 முதல் 30 வருசம் ஆகும், முதல் ஐந்து ஆண்டுக்கு மட்டும் 100 கோடி டாலர் வேண்டும் என்றார்கள். எண்ணெய் எடுப்பது 1993இலேயே நின்றுவிட்டதே, பிறகு எப்படி? குழாய் நிற்கவில்லை. மற்ற இடங்களின் எண்ணெய் ஓகோனி வழியாகத்தான் போனி துறைமுகத்துக்குப் போகிறது. அந்தக் குழாய் 2008இல் போடோ ஊரில் இரண்டு முறை உடைந்தது. கழி முழுக்கக் கறுப்பு. நிவாரணம் என்று கம்பெனி கொண்டு வந்தது அரிசி மூட்டையும் பயறு மூட்டையும். ஊர்க்காரர்கள் லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் 5 கோடியே 50 லட்சம் பவுண்டு கிடைத்தது. 15,600 மீனவர்களுக்குப் பிரித்தது போக மிச்சம் ஊருக்கு. அரிசி மூட்டைக்கும் இந்தத் தொகைக்கும் நடுவில் இருந்த தூரம்தான் அந்த மக்களின் ஏழு வருசப் பிடிவாதம்.

ஆயுதம் பற்றி. ஓகோனிக்கு நடந்ததைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறை, குறிப்பாக இஜாவ் இளைஞர்கள், வேறு பாடம் படித்தார்கள். 1999இல் ராணுவம் ஓடி என்ற ஊரையே தரைமட்டமாக்கியது. 2006இல் நைஜர் கழிமுக விடுதலை இயக்கம் வந்தது. குழாயைத் தகர்த்தல், எண்ணெய்க் கம்பெனி ஆட்களைக் கடத்துதல். நாட்டின் உற்பத்தியே படுத்துவிட்டது. அரசு என்ன செய்தது? 2009இல் பொது மன்னிப்பு! ஆயுதத்தை ஒப்படைத்த பல்லாயிரம் பேருக்கு மாதாமாதம் உதவித்தொகை. முன்னாள் தளபதி ஒருவரின் கம்பெனிக்கே 2022இல் குழாய்களைக் காவல் காக்கும் ஒப்பந்தம். பச்சைக் கொப்போடு நடந்தவனுக்குத் தூக்கு, குண்டு வைத்தவனுக்குக் குத்தகை. இதைச் சொல்லி ஆயுதமே வழி என்று யாராவது என்னிடம் வாதம் செய்ய வந்தால் ஒன்று கேட்பேன்: அந்தக் குத்தகையால் எந்த ஊர்க் கிணறு சுத்தமாயிற்று? தளபதிகள் பங்காளிகள் ஆனார்கள். கீழே இருந்த பையன்கள் குழாயில் துளை போட்டு, காட்டுக்குள் தகர டப்பாவில் எண்ணெய் காய்ச்சி, அந்தத் தீயிலேயே கருகிச் சாகிறார்கள். அந்தக் கழிவும் அதே கழியில்தான் விழுகிறது. கம்பெனி இப்போது அவர்களைக் காட்டி, மாசு எல்லாம் திருடர்களால் வந்தது என்கிறது.

இப்போது தினுபுவின் மன்னிப்புக்குத் திரும்புவோம். காலத்தைப் பாருங்கள். 2025 சனவரியில் ஓகோனித் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஓகோனியில் மீண்டும் எண்ணெய் எடுப்பது பற்றிய பேச்சு தேசியப் பாதுகாப்பு ஆலோசகரின் பொறுப்பில் நடந்தது. எண்ணெய்க்கும் பாதுகாப்பு ஆலோசகருக்கும் என்ன சம்பந்தம்னு அங்க யாரும் கேக்கல போல. மார்ச்சில் ஷெல் தன் நிலப்பகுதிக் கிணறுகளையும் குழாய்களையும் ரெனைசன்ஸ் என்ற கூட்டுக் கம்பெனிக்கு விற்று முடித்தது. ஜூனில் மன்னிப்பு. செப்டம்பரில் அந்தப் பேச்சுக் குழுவின் அறிக்கையைக் கையில் வாங்கிக் கொண்டு, அடித்துக் கொல்லப்பட்ட நான்கு தலைவர்களுக்கும் விருது அறிவித்தார். கையோடு அரசு எண்ணெய்க் கம்பெனியும் ரெனைசன்ஸும் ஓகோனி மக்களோடு பேசத் தொடங்க வேண்டும் என்று உத்தரவு. செத்த பதின்மூன்று பேருக்கும் பட்டம் கொடுத்தாயிற்று. கிணற்று மூடியைத் திறக்கலாம்.

நமக்கும் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, மறைக்க வேண்டாம். பத்து வருசம் முன்பு நைஜீரியக் கச்சா எண்ணெயை உலகிலேயே அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2022க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் அளவு குறைந்தது, இரக்கத்தால் குறையவில்லை. நாம் ஓட்டும் பைக்கில் போனித் துறைமுகத்து எண்ணெய் கொஞ்சமாவது எரிந்திருக்கும்.

நல்ல சேதி ஒன்றும் சொல்ல வேண்டும். ஓகலே, பில்லே ஊர்களின் மக்கள் ஷெல் மேல் லண்டனில் போட்ட வழக்கை நடத்தலாம் என்று 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஐந்து வருசத்துக்கு முந்திய கசிவு என்பதாலேயே கம்பெனி தப்பிவிட முடியாது என்று 2025 ஜூன் 20 அன்று உயர் நீதிமன்றம் சொன்னது. மன்னிப்பு அறிவித்து எட்டே நாள் கழித்து! முழு விசாரணை 2027இல் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓகலேயின் அரசர் ஒக்பாபி முன்பொரு முறை தன் ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லண்டனுக்கே எடுத்துப் போய்க் காட்டினார். தினுபு அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன செய்யப் போகிறார், விற்றுவிட்டுப் போன ஷெல் என்ன செய்யப் போகிறது, வாங்கிய ரெனைசன்ஸ் என்ன செய்யப் போகிறது என்பதை நம் தோழர்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மாணவர் வட்டங்களில் நவம்பர் 10 அன்று ஓகோனி பற்றிப் பேசுங்கள். பேசும்போது ஒன்பது பேரின் பேரையும், அந்த நாலு பேரின் பேரையும் சேர்த்தே படியுங்கள்.